மஞ்சள் பலகை மேல் தெறித்த குங்குமம்

1

ஆயுத பூஜைக்கு இங்கே விடுமுறை கிடையாது. ஆனால் பரங்கிக்காய்க்குக் குறைவில்லை. அக்டோபர் பிறந்ததும் கடை வாசலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதன்மேல் ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய்களைக் குவித்துவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதில் கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வீட்டு வாசலில் வைப்பார்கள். நான் தெருவில் போட்டு உடைப்பதற்காக வாங்குகிறேன்.

நேற்று ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தள்ளுவண்டியில் வைத்ததும் என் கணவர் முரளி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இந்த வருஷமுமா?"

"இந்த வருஷமும்தான்."

"அப்ப போலீசுக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுடட்டுமா?"

கேலிதான். போன வருஷம் இதே நாளில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேலி செய்கிற அளவுக்கு விஷயம் ஆறிப்போயிருக்கிறதே என்று எனக்கு அத்தனை நிம்மதி. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். போன வருஷம் எழுதியிருந்தால் புலம்பலாக இருந்திருக்கும்.

நாங்கள் இருப்பது கனடாவில் ஒரு சின்ன நகரம். ஏரி உண்டு, தேவாலயம் உண்டு, ஒரே ஒரு பெரிய கடைத்தெரு உண்டு. கோயிலுக்குப் போக வேண்டுமானால் டொராண்டோ வரை காரை ஓட்ட வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரில், ஆஸ்டின் டவுனில். இந்த ஊர்க்காரர்கள் பேசிய ஆங்கிலத்தையெல்லாம் எனக்குக் கைவந்த வீட்டுத் தமிழில்தான் எழுதப்போகிறேன். பக்கத்து வீட்டு வால்டர் ஆஸ்டின் டவுன் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர் மாதிரிப் பேசினால் அது என் குற்றம், அவருடையதல்ல.

2

ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்அறைதான் அப்பாவின் தையல் கடை. அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருந்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதுவும் யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்கிப்போகாத துணி. அளவு கொடுக்க வந்தவர்கள் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "அக்கா, ஒரு வாய் தண்ணி" என்பார்கள். அம்மா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ரவிக்கைக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்டு அப்பாவுக்குக் குரல் கொடுப்பாள். பக்கத்து வீட்டு முன்னறையில் பால் பூத், எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே எஸ்.டி.டி. பூத், மூலைவீட்டு ஜன்னலில் ஜெராக்ஸ். இது குடியிருக்கும் தெருவா, கடைத்தெருவா என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

இன்னொரு பக்கத்து வீட்டில் சாந்தம்மா. கன்னடக்காரர். அவருக்கு மட்டும் கேள்வி நன்றாகவே புரிந்திருந்தது. அப்பாவின் மெஷின் சத்தம் அவருக்கு ஆகாது. வெட்டின துணித்துண்டு பறந்து அவர் துளசிமாடத்தில் விழுந்தால் அன்றைக்குத் தெருவே அதிரும்.

"ராஜு! நிம் மெஷின் சத்தா, நங்கெ தலெநோவு!"

தலைவலி என்று அவர் கத்த, அப்பா மெஷினை நிறுத்தாமலே, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி அம்மா", கொஞ்சம் பொறுத்துக்கோங்க, என்பார். சாந்தம்மா அட்ஜஸ்ட் செய்ய மாட்டார். ஒருமுறை எங்கேயோ எழுதிப்போட்டு விசாரிக்க ஆளையே வரவழைத்துவிட்டார். வந்தவர் முன்அறையைச் சுற்றிப் பார்த்தார், வீடா கடையா என்று கேட்டார், கடைசியில் ஒரு பேண்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். சாந்தம்மா அதற்கப்புறம் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. அந்த மாதம் முழுக்க அம்மாவுக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் தீர்ந்துபோன மிளகாய்த்தூளுக்கு அவரிடம்தான் போக வேண்டும்.

கல்யாணமாகி இங்கே வந்து பல வருஷங்கள் நான் தையலைத் தொடவில்லை. முரளிக்கு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை இருந்தது, பெண் நித்யா பிறந்தாள், பனி பெய்தது, நாள் போனது. பிறகு அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். முரளி பெட்ரோல் பங்கில் பகுதிநேர வேலைக்குப் போனார். நான் முன்அறையில் ஒரு மெஷினைப் போட்டேன். குளிர்கோட்டு ஜிப்புகள், கால்சட்டை உயரம் குறைப்பது, பள்ளிக்கூட நடனத்துக்குப் பெண்பிள்ளைகள் வாங்கும் கவுனை இடுப்பில் பிடித்துக் கொடுப்பது. வாசலில் ஒரு சின்னப் பலகை மாட்டினேன். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். திரைச்சீலைகூட ஒன்று தொங்கவிட்டேன். இரண்டே வருஷத்தில் என் மெஷின் ஓடினால்தான் வீடு ஓடும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது.

3

கடிதத்தை மூன்றுபேரும் மாறிமாறிப் படித்தோம். எங்கள் தெரு குடியிருப்புப் பகுதி. வீட்டுக்குள் தைத்துக்கொள்ளலாம், ஆனால் பலகை மாட்டி வாடிக்கையாளர்களை வரவழைக்கக் கூடாது. அக்கம்பக்கத்திலிருந்து புகார் வந்திருக்கிறது. யார் என்று கடிதத்தில் இல்லை. தேவையும் இல்லை. பக்கத்து வீட்டு வால்டர் எங்கள் வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு காரையும் கோட்டுப் பையில் கைவிட்டபடி முறைப்பது ஊருக்கே தெரியும்.

முரளி அன்றைக்கு ஊரில் இல்லாததால் நித்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நகரசபைக் கவுன்ட்டரில் ஒரு அம்மாள். நான் போய் நின்று, என் கணவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன், வந்ததும் நீட்ஃபுல் செய்துவிடுகிறோம் என்று பெங்களூர் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன். அந்த அம்மாள் எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். நித்யா என் முழங்கையைக் கிள்ளினாள்.

ஆனால் நல்ல மனுஷி. பெரிய வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினார். மஞ்சள் என்றால் வீடு, சிவப்பு என்றால் கடை. கடைத்தெருவின் சிவப்பு எங்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் நாங்கள் மஞ்சள்.

"நீங்க வந்தது நல்ல நேரம். இந்த முனையில இருக்கற அஞ்சாறு வீட்டையும் கலப்புப் பகுதியா மாத்தணும்னு ஏற்கெனவே பேச்சு இருக்கு. மேல வீடு, கீழ சின்ன கடை, அந்த மாதிரி. அக்டோபர்ல பொதுக்கூட்டம். யார் வேணா வந்து பேசலாம். அது வரைக்கும் உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்ல."

"ஒத்துக்கலைன்னா?"

"ஒத்துக்கலைன்னா கடைய எடுத்துடணும்."

வீடும் கடையும் சேர்ந்து இருக்கலாமா என்பதற்கு ஒரு கூட்டம், ஒரு வரைபடம், ஒரு வண்ணம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் ஓர் ஆள் வந்து எங்கள் வீட்டுப் புல்தரையில் ஒரு மஞ்சள் பலகையை நட்டுவிட்டுப் போனார். இந்த இடத்தின் வகையை மாற்றுவது பற்றிப் பொதுக்கூட்டம், ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம் என்று அதில் போட்டிருந்தது. வால்டர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். படித்துவிட்டு என் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

4

கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை ஆயுத பூஜை.

வழக்கமாக இங்கே நான் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்வேன். காரின் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினால் முடிந்தது. ஆனால் அந்த வருஷம் மனசு கேட்கவில்லை. கடை நிலைக்குமா போகுமா என்றிருக்கும்போது எலுமிச்சம்பழத்தை வைத்து யாரை ஏமாற்றுவது? அப்பா செய்வதுபோல் முறையாகப் பூசணி உடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். வெள்ளைப் பூசணி இந்த ஊரில் கிடைக்காது. பரங்கியானாலும் காய் காய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடிந்ததும் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, அளவு டேப், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நித்யாவின் சைக்கிளுக்கு வந்தபோது அவள் குறுக்கே நின்றாள்.

"அம்மா, ப்ளீஸ். என் சைக்கிளுக்கு வேணாம். ஸ்கூல்ல எல்லாரும் என்னன்னு கேப்பாங்க."

அவளுக்கு ஒன்பது வயது. என்னன்னு கேட்டால் சொல்லேன் என்பது வாய் வரைக்கும் வந்தது. அவள் உள்ளே போனதும் சீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். தாயும் மகளும் இப்படித்தான் காலம் தள்ளுகிறோம்.

பரங்கியின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, சில்லறை போட்டு, மேலே கற்பூரம் ஏற்றினேன். வீட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. உருண்டது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மறுபடி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். இந்தத் தடவை நாலாபக்கமும் சிதறியது. ஒரு பெரிய சில்லு புல்தரை வரை பறந்துபோய் அந்த மஞ்சள் பலகையில் மோதி, குங்குமத் தண்ணீர் எழுத்தெல்லாம் வழிந்தது.

ஆஸ்டின் டவுனாக இருந்தால் காசு பொறுக்கப் பிள்ளைகள் பாய்ந்து வந்திருப்பார்கள். தெருவெல்லாம் பூசணித் துண்டாகக் கிடக்கும், ஸ்கூட்டரில் போகிறவர்கள் காலை ஊன்றிக்கொண்டே போவார்கள். உடைத்தவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும், சாயந்திரம்தான் கூட்ட வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம். நானும் திரும்பிப் பார்க்கவில்லை. குளித்து, உடுத்தி, மூன்றுபேருமாக டொராண்டோ கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம்.

திரும்பி வந்தபோது சாயந்திரம். தெரு பளிச்சென்று இருந்தது. ஒரு விதைகூட இல்லை. மஞ்சள் பலகையைக்கூட யாரோ துடைத்திருந்தார்கள். எங்கள் வாசற்படியில் பூங்கொத்துகள். கதவிடுக்கில் ஒரு போலீஸ்காரரின் அட்டை. நாங்கள் காரிலிருந்து இறங்குவதற்குள் எதிர்வீட்டு மார்கரெட் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"பயப்படாதம்மா. நாங்க இருக்கோம். நாங்களே கழுவி விட்டுட்டோம், நீ பாக்க வேணாம்னு."

"எதை?"

"அந்த ரத்தத்தை. பொண்ணு வேற இருக்கா வீட்ல! எங்க தெருவுல இப்படி ஒருத்தன் செய்வான்னு நான் நெனைக்கவே இல்ல." அவர் கண் வால்டரின் வீட்டுப் பக்கம் போனது. "யாருன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன?"

எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. என் வீட்டு வாசலில், என் கடையைப் பற்றிய அறிவிப்பின் மேலேயே, யாரோ காயை உடைத்து ரத்தம் தெளித்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். மார்கரெட் அழுதுகொண்டிருந்தார். எனக்காக அழுகிற ஒருவரிடம், அது கடையில் வாங்கின குங்குமம் என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஆப்பிள் பை, சூப், மெழுகுவத்தி. இத்தனை வருஷத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாம் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கடைக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கப் பெண்கள் இருவர் கிளம்பினார்கள். வியாழக்கிழமை ஹாலை நிரப்பிக் காட்டுகிறோம் என்றார்கள்.

"பாத்தியா?" என்றார் முரளி. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பயத்தையும் அடக்க முடியவில்லை. "நம்ம பூசணி வேலை செய்யுது. வியாழக்கிழமை வரைக்கும் வாய தொறக்காத வசந்தி. அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, சும்மா இருக்கிறோம், அவ்வளவுதானே.

திங்கட்கிழமை காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வால்டர் தன் வீட்டுக் கதவின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். கதவில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். 'வெட்கக்கேடு' என்று பெரிய எழுத்தில் ஒரே சொல். அவர் அதைச் சமையலறைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பசை வரவில்லை. தெருவில் போன இரண்டுபேர் அவருக்கு வணக்கம் சொல்லாமல் போனார்கள்.

பெங்களூருக்குப் போன் போட்டேன். அங்கே சாயந்திரம். அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் சேகர் எடுத்தான். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அட விடும்மா! நாலு பேரு உனக்கு சப்போர்ட்டா நிக்கறாங்கல்ல? சும்னே இரு. அந்தக் கெழவனுக்கு என்ன, ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சினு இருப்பான். அப்பறம் சரியாப் பூடும்."

"பாவமா இருக்குண்ணா."

"பாவம் பாத்தா கடை நடத்த முடியுமா? இங்க பாரு, நான் மோட்டார் மெஷின் போட்டதுல இருந்து சாந்தம்மா டெய்லி ரகளை. இன்னிக்கும் காலைல வந்து கத்திட்டுப் போச்சு. நான் பாவமா பாக்கறேன்?"

போனை வைத்த பிறகும் சாந்தம்மாவின் பெயர் காதிலேயே இருந்தது.

தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீர்ச் சண்டை பெங்களூர்த் தெருவுக்கு வந்த நாட்கள். ஊரில் எங்கெங்கோ தமிழ்க் கடைகளை உடைக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. அப்பாவின் பலகையில் கன்னடத்துக்குக் கீழே தமிழும் உண்டு. கழற்ற நேரமில்லை, அதற்குள் தெருமுனையில் சத்தம் கேட்டது. நாங்கள் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாந்தம்மா தன் வீட்டிலிருந்து துவைத்த புடவையோடு வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட அதை எங்கள் பலகை மேல் உலர்த்துவதுபோல் விரித்துப் போட்டார். ஒரு முறம் நிறைய அவரைக்காயைக் கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

வந்தவர்கள் கட்டையோடு நின்று, இது யார் வீடு என்று கன்னடத்தில் கேட்டார்கள்.

"நம்ம மனே கணப்பா. ஹோகி, ஹோகி", எங்க வீடுதாம்பா, போங்க என்றார் சாந்தம்மா. தலையை நிமிர்த்தவில்லை. அவரைக்காயைத்தான் பார்த்தார்.

அவர்கள் போய்விட்டார்கள். புடவை காயும்வரை அவர் அங்கேயே இருந்தார். உரித்ததில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஊர் அடங்கி அப்பா மறுபடி மெஷினைப் போட்ட அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ராஜு! நிம் மெஷின் சத்தா!" அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். நிம்மதியில் ஒருவர் அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பழைய கதையை எண்ணிக்கொண்டு எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. கத்துகிறவர் கல்லெறிகிறவராக இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? வால்டர் கத்தக்கூட இல்லை, முறைத்தார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அந்தப் போலீஸ்காரரின் எண்ணுக்குப் போன் செய்தேன். அவர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம், இயந்திரம் பேசியது. "ஐயா, அது பரங்கிக்காய், உடைத்தது நான்தான், பண்டிகை வாழ்த்துகள்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வைத்தேன். புதன்கிழமை வால்டரின் கதவைத் தட்டினேன். ஜன்னல் துணி ஆடியது, கதவு திறக்கவில்லை.

6

வியாழக்கிழமை சாயந்திரம் நகரசபை ஹாலில் உட்கார இடமில்லை. எங்கள் தெருவே வந்திருந்தது. முதல் வரிசையில் வால்டர், கோட்டும் டையும் அணிந்து. அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

பேசுகிறவருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். மார்கரெட் பேசினார். இன்னும் சிலர் பேசினார்கள். கடை நல்லது என்றார்கள், அதைவிட அதிகமாக, பயமுறுத்துகிறவர்களுக்கு இந்தத் தெரு பணியாது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். ஒவ்வொரு கைதட்டலுக்கும் வால்டரின் பின்கழுத்து கொஞ்சம் சிவந்தது. கூட்டத்தை நடத்திய நகரசபைக் குழுவின் தலைவியான அம்மாள் என் பெயரை அழைத்தார். முரளி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "நன்றி மட்டும் சொல்லிட்டு வந்துடு" என்று முணுமுணுத்தார்.

நன்றி சொன்னேன். அப்புறம் சொன்னேன்:

"என்னை யாரும் மிரட்டல. அந்தக் காயை ஒடச்சது நான்தான்."

ஹாலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நீங்களேவா?" என்றார் தலைவி.

"ஆமாம்மா. எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள் தொழில் செய்யற கருவிக்கெல்லாம் பூஜை போடுவோம். கெட்ட கண்ணு படாம இருக்கணும்னு பூசணிய ஒடைப்போம். உள்ள செவப்பு கரைச்சு ஊத்தறது வழக்கம். காசும் போடுவோம். அது ரத்தம் இல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவர் கதவுல யாரோ தாள் ஒட்டியிருக்கீங்க. அத என் கதவுல ஒட்டியிருக்கணும்."

"எந்தக் கெட்ட கண்ணு?" என்று தலைவி நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இந்தக் கூட்டந்தாம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை. என் விளக்கு சிவப்பாகியிருந்தது. ஆதரவு முழுவதையும் என் கையாலேயே தெருவில் போட்டு உடைத்துவிட்டேன் என்று தெரிந்தது. நித்யா கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் வந்து உட்கார்ந்தேன்.

வால்டர் எழுந்தார். மைக்கை நோக்கி மெதுவாக நடந்தார்.

"அவங்க சொல்றது நெஜம். நான் பாத்தேன். ஜன்னல்கிட்ட காபி குடிச்சிட்டு நின்னேன். மொத தடவை ஒடையல. ரெண்டாவது தடவைதான் ஒடஞ்சுது."

தலைவி முன்னால் சாய்ந்தார். "அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் என்கிட்ட கேக்கலியே. என்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அதுவும் இல்லாம, அது அவங்க சாமி விஷயம்னு பட்டது. நான் போய்ச் சொல்லி, தெருவ அசிங்கம் பண்ணதா அவங்க மேல கேஸு ஏதாவது போட்டுட்டா? கூட்டம் வேற வருது. கடை போயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன்."

என் கடையை மூடச் சொல்லிப் புகார் எழுதினவர் இவர்தான்! எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"அப்ப உங்க ஆட்சேபம்தான் என்ன?" என்றார் தலைவி.

"எனக்குக் கடை மேல கோபமே இல்லீங்க. துணி தெக்க வர்றவங்க என் வண்டி போற வழிய அடைச்சு காரை நிறுத்தறாங்க. என் பொண்டாட்டி நர்சிங் ஹோம்ல இருக்கா. தெனம் மத்தியானம் போயி அவளுக்கு நான்தான் சாப்பாடு ஊட்டணும். போன மாசம் ரெண்டு தடவை காரை வெளிய எடுக்க முடியாம, நர்சு ஊட்டிட்டாங்க. அவ அன்னிக்கெல்லாம் சரியா சாப்பிடல. கடுதாசில இதையெல்லாம் எழுத எனக்கு வரல."

யாரும் கைதட்டவில்லை. மார்கரெட் எழுந்துபோய் அவர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சின்னச் சின்ன வேலை. எங்கள் பின்கட்டில் கார் நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, தக்காளிச் செடிகளைப் பிடுங்க வேண்டும் என்றேன். வால்டரின் வழியில் யாரும் நிறுத்தாதபடி கோடு போட நகரசபை ஒத்துக்கொண்டது. அந்த நிபந்தனையோடு எங்கள் முனையைக் கலப்புப் பகுதியாக மாற்றலாமா என்று கேட்டார் தலைவி. குழுவில் எல்லாரும் கை தூக்கினார்கள். நான் வால்டரைத்தான் பார்த்தேன். அவருக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் அவரும் கையைத் தூக்கியிருந்தார்.

அப்பாடா என்று முரளி விட்ட மூச்சு மைக்கில் கேட்டிருக்கும்.

7

பின்கட்டில் தக்காளி போயிற்று, கார்கள் வந்தன. வரைபடத்தில் எங்கள் வீடு இப்போது மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, இரண்டும் கோடு கோடாகக் கலந்த ஒரு நிறம். ஒரு பிரதி வாங்கிவந்து மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். போலீஸ்காரர் வெள்ளிக்கிழமை வந்து, நெடுநேரம் சிரித்துவிட்டு, சாட்சியமாக எடுத்துவைத்த சில்லறையை பிளாஸ்டிக் பையோடு திருப்பிக் கொடுத்தார். காசையும் போட்டுவிட்டு மிரட்டிப்போன ரவுடி யார் என்று அவர்கள் ரொம்பவே குழம்பியிருக்கிறார்கள்.

வால்டர் மாறிவிட்டாரா என்று கேட்காதீர்கள். பின்கட்டில் கார்க் கதவைப் படார் என்று சாத்துகிறார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போகிறார். சொல்ல வரும்போது கிழிந்த சட்டை ஏதாவது கொண்டுவருவார். அவர் குறை சொல்லிக்கொண்டே என் காபியைக் குடிக்கும்போது எனக்கு ஊரில் இருப்பதுபோல் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். சாந்தம்மாவுக்கும் ஒரு காபி கொடுத்துத்தான் பார்க்கிறேன் என்றான்.

இன்று காலை பூஜை. நித்யா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"சீட்டுக்கு அடியிலயே வை. போன வருஷம் வெச்ச மாதிரி" என்றாள்.

எப்போது பார்த்தாள் என்று கேட்கவில்லை. வைத்தேன்.

பிளாஸ்டிக் பையிலிருந்த அதே சில்லறையைப் பரங்கிக்குள் போட்டு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வால்டர்.

"இன்னிக்குத்தானே ஒடைக்கற நாளு?"

"ஆமாம். உங்களுக்கு ஏதாவது தொந்தரவா?"

"என் காரு வெளிய நிக்குது. மேல தெறிக்கும்."

"எடுத்துடறீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கணும்? நீ ரெண்டடி தள்ளி நில்லு."

கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். வால்டர் ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு நின்று, இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினார். அவர் போதும் என்கிற வரை தள்ளிப்போய் நின்று உடைத்தேன். இந்த வருஷம் முதல் அடியிலேயே உடைந்தது.